தீவு பாஷையில் அப்பா

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் எல்லோரும் "தீவு" என்றுதான் கூப்பிட்டார்கள். கடலையே நேரில் பார்க்காத மனுஷன். பழைய அட்லஸின் நீலப் பக்கத்தில் சிதறிக் கிடந்த புள்ளிகளைப் பார்த்து, அங்கே இல்லாத ஒரு தீவுக்கு மொழி கட்டினார். லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து கம்பிகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டே வார்த்தை பண்ணுவார். காலணாவுக்குப் பிரயோஜனமில்லாத வேலை. ஆனாலும் யாருக்கும் கெடுதல் இல்லை, மகள் பிறக்கிற வரைக்கும்.

மனைவி பிரசவத்தோடு போய்விட்டாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டில் குழந்தைக்குத் தீவு பாஷையை மட்டுமே ஊட்டி வளர்த்தார். ஊர் பாஷையில் கேட்டால் பிஸ்கட் கிடையாது. தீவு பாஷையில் அப்பாவுக்கு "ஓலுமா".

அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உனக்குக் கிறுக்குன்னா புள்ளையையுமா கெடுக்கணும்?"

"ஸ்கூல்ல சேர்ந்தா தானா வந்துடும்க்கா."

பள்ளிக்கூடம் வரைக்கும் போகவில்லை. நாலு வயசில் மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள். நர்ஸ்தான் இரக்கப்பட்டு, "பாப்பா முழிச்சு அப்பான்னு கேட்டா உடனே உங்களை உள்ள கூப்பிடுறேன். இங்கேயே இருங்க," என்றார்.

மகளுக்கு அந்த வார்த்தையே தெரியாது என்று நர்ஸிடம் சொல்லிவிட எழுந்தார் அவர். பெஞ்சு நிறைய ஜனம், பக்கத்தில் அக்கா. இங்கேயும் ஊர் சிரிக்க வேண்டுமா என்று கூசிப்போய் மறுபடி உட்கார்ந்தார். ஆபத்துக்கு அவளுக்கே "அப்பா" வந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். காலை பத்து மணியிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழுந்தார்.

நாலு மணிக்கு நர்ஸ் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே அக்கா அழ ஆரம்பித்தாள்.

"ரொம்பக் கஷ்டப்படலைங்க," என்றார் நர்ஸ். "நடுவுல நல்லா முழிச்சா. உங்களைக் கேட்பான்னு பார்த்தேன், கேட்கவே இல்லை. ஓலுமா, ஓலுமான்னு எதையோ கேட்டுக்கிட்டே இருந்தா. பொம்மையாக்கும்னு ஒண்ணு தேடிக் குடுத்தேன், தூக்கிப் போட்டுட்டா. அது என்னங்க?"

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

நர்ஸின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அந்தப் பெண்ணாவது இனி வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

"பொம்மைதாங்க," என்றார் அவர். "வீட்டுல இருக்கு."