பஸ்ஸை நிறுத்திய பிரதிநிதி

எனக்குக் கன்னடம் நன்றாக வரும் என்று மைசூரில் முதலில் சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தால், நானேதான். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். ஒருத்தி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தால், ஊரும் சலித்துப்போய் ஆமாம் என்றுவிடும். அப்பா ரயில்வே பட்டறை உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். வாசலுக்கு வெளியே இருந்ததைப் படித்துப் பட்டம் வாங்கி, ஒரு சின்ன தனியார் பள்ளியில் கன்னட டீச்சராகவே சேர்ந்துவிட்டேன். தமிழ்க்காரி கனகலக்ஷ்மி கன்னடக் குழந்தைகளுக்குக் கன்னட இலக்கணம் நடத்துகிறாள் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறியிருந்த புதிது. கடைக்குக் கடை பலகைகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் போகிற வழியில் நின்று, ஏணிமேல் இருக்கிறவனுக்குக் கீழேயிருந்து பிழை திருத்துவேன். ஒருவன் பொறுக்க மாட்டாமல் பிரஷ்ஷை என்னிடமே நீட்டினான். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டவுன் பஸ்காரர்கள் பயணிகளின் குறையைக் கேட்க ஒரு ஆலோசனைக் குழு போட்டார்கள். குழுவில் ஒரு பெண்ணும் வேண்டும் என்றார்கள். பெரிய மனிதர்களின் மனைவிமார் யாரும் பஸ்ஸில் போகிறவர்கள் இல்லை. எங்கள் பள்ளி நிர்வாகி அந்தக் குழுவில் ஒருவர். என் பெயரைச் சொன்னவர் அவர்தான். தினமும் பஸ்ஸைக் குறை சொல்லிக்கொண்டு பள்ளிக்குத் தாமதமாக வருகிறவள், அதை அங்கேயே போய்ச் சொல்லட்டும் என்று நினைத்தாராம். நானோ என் மொழித் திறமையைக் கண்டுதான் கூப்பிட்டார்கள் என்று நினைத்து, புதிதாக ஒரு மைசூர் சில்க் எடுத்தேன்.

எங்கள் பம்ப் ஹவுஸ் காலனி ஊரின் ஓரத்தில் இருந்தது. பஸ் எங்கள் தெரு வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகும், ஆனால் எங்களுக்கு ஸ்டாப் கிடையாது. ஏற வேண்டுமானால் ரயில்வே கேட்டுக்கு அப்பால் வரை நடக்க வேண்டும். கண்டக்டர் முனிராஜ் மட்டும் பிள்ளைத்தாய்ச்சியான அஞ்சலையைக் கண்டால் மனம் இரங்கி "ஹோல்டான்" என்று குரல் கொடுத்து வண்டியை நிறுத்துவான். அந்த ஒரு நிமிஷத்தில் நாங்களும் தொற்றிக்கொள்வோம்.

அஞ்சலை தமிழ் பேசும் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள். என் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். தேவராஜ மொஹல்லாவில் சின்ன மணிக்கூண்டுப் பக்கம் மேஸ்திரி காலையில் ஆள் எடுப்பான். நேரத்துக்குப் போனால் அவளுக்குச் சுவருக்குத் தண்ணீர் விடுகிற வேலை. பிந்தினால் அதை வேறொருத்தி வாங்கிக்கொள்வாள். இவள் சாந்துச் சட்டி சுமக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் சட்டி சுமந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும்.

ஒரு நாள் டிக்கெட் பரிசோதகர் ஏறி, அனுமதி இல்லாத இடத்தில் வண்டியை ஏன் நிறுத்தினாய் என்று முனிராஜை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு பஸ் நிற்கவில்லை. அன்று சாயங்காலமே அஞ்சலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சரக்கா, நீங்க அந்த பஸ் கூட்டத்துல இருக்கீங்களாமுங்க. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுமுங்க" என்றாள்.

ஒரு வார்த்தைதானே என்று நினைத்தேன். வார்த்தைதான் என் கைச்சரக்கு ஆயிற்றே.

முதல் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு வக்கீல் எழுந்தார். அவர் தெருவில் பஸ் புழுதி கிளப்புகிறதாம், ஹாரன் அடித்தே ஆளைக் கொல்கிறார்களாம், அந்த வழியே வேண்டாமாம். தலைவர் தலையாட்டிக்கொண்டார். அடுத்து என் முறை. ஊரில் எல்லோரும் "ஸ்டாப் கொடி", ஸ்டாப் கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள். தலையில் மூட்டையோடு போகிறவரும் அதைத்தான் சொல்வார், வக்கீல் குமாஸ்தாவும் அதைத்தான் சொல்வார். கன்னட டீச்சர் இங்கிலீஷ் கலக்கலாமா? நான் எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வல்லினம் மெல்லினம் பிசகாமல் சொன்னேன்.

"நம்ம காலனிய பஸ்ஸன்னு தயவிட்டு நில்லிஸிபிடி."

எங்கள் காலனி பஸ்ஸை தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். எவ்வளவு பணிவு, எவ்வளவு சுத்தம். தலைவரின் முகம் மலர்ந்தது. எங்கள் தெருப் பள்ளத்தில் மாதம் ஒரு வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை முறிந்துகொண்டிருந்ததாம். எப்படி விடுபடுவது என்று அவர்களே வழி தேடிக்கொண்டிருந்தார்களாம். "ஆகலி மேடம்" என்றார், அப்படியே ஆகட்டும். கேட்டதும் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. உப்பிட்டு என்று கொடுத்த உப்புமாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை காலனியே தெருவில் நின்றது. யாருக்கு முதலில் நிற்கும், யார் முதலில் ஏறுவது என்று ஒரே பேச்சு. நான் சில்க் புடவையில் முன்னால் நின்றேன். பஸ் வரவே இல்லை. வெயில் ஏறிய பிறகு முனிராஜ் சைக்கிளில் வந்து இறங்கினான். பஸ்ஸை வேறு ரோட்டில் திருப்பிவிட்டார்கள் என்றான்.

"டீச்சர், பஸ் பேடா, வேண்டாம்னு நீங்களே சொன்னீங்களாமே?"

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அஞ்சலை மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் ஓடினேன்.

"நடக்கறதுக்கு எனக்கென்னங்க, நானு காட்டுக்கும் வூட்டுக்கும் நடந்தவதானுங்க. வயித்துல இருக்கறதுக்குத்தான் நடந்து பழக்கமில்ல" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். என் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் பாட்டைக் கெடுக்காமல் பஸ்ஸைக் கெடுத்தேன்.

அடுத்த கூட்டம் வரும்வரை அஞ்சலை இருட்டோடு எழுந்து நடந்தாள். பரிகாரமாக நானும் அவளுடைய தூக்குவாளியைச் சுமந்துகொண்டு மணிக்கூண்டு வரை கூட நடந்தேன். பாதி வழியில் எனக்குத்தான் மூச்சு வாங்கும். அவள் நின்று எனக்காகக் காத்திருப்பாள். ஆனால் வாரத்துக்கு வாரம் அவள் கால் வீங்கிக்கொண்டே போனது. இரண்டு முறை பிந்திப்போய்ச் சட்டி சுமந்துவிட்டு வந்தாள். அந்த ராத்திரிகளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில், நான் சொன்னதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று ஆரம்பித்தேன். குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கன்னடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அறை சட்டென்று இறுகிப்போனது. தலைவர் மெதுவாகச் சொன்னார்: பயணிகள் கேட்டபடிதான் செய்தோம், மாதத்துக்கு ஒரு பேச்சு பேசினால் வண்டியை எந்த ரோட்டில் விடுவது? பயணிகளின் பிரதிநிதி மொழி தெரியாமல் பேசிவிட்டார் என்றால் மாற்றலாம். ஆனால் நீங்கள் கன்னட டீச்சர் ஆயிற்றே, உங்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

எதிரில் பள்ளி நிர்வாகி கையில் காபியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அஞ்சலையின் காலை நினைத்துக்கொண்டேன்.

"நனகெ கன்னட சரியாகி பரொல்ல" என்றேன். எனக்குக் கன்னடம் சரியாக வராது.

என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எந்த வாக்கியத்தையும் சொன்னதில்லை. நிர்வாகி காபியைக் கீழே வைத்துவிட்டார். தலைவருக்கு என்மேல் இரக்கம் பிறந்தது. பரவாயில்லை, தமிழிலேயே சொல்லுங்கள், எங்களுக்கு எல்லாம் புரியும் என்றார். நானும் நிம்மதியாக வாயைத் திறந்தேன்.

"எங்க காலனியில பஸ்ஸை நிறுத்திடுங்க."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தமிழிலும் அதே பள்ளம். அவர் பேனாவை எடுப்பதைப் பார்த்ததும் இலக்கணம், மானம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. சாலையோரம் நிற்பவள்போலக் கையை முன்னால் நீட்டி, முனிராஜ் குரலில், "ஹோல்டான்" என்று கத்தினேன்.

அறையே சிரித்தது. "ஸ்டாப் பேக்கா?" என்று தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். ஸ்டாப் வேண்டுமா என்கிற அந்த எளிய கேள்விக்கு, ஆமாம், ஸ்டாப், ஸ்டாப் என்று தலையாட்டினேன்.

பத்து நாளில் பஸ் திரும்பி வந்தது, ஸ்டாப்போடு. அஞ்சலை முன்வாசல் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து போனாள். நேரத்துக்குப் போனதால் தண்ணீர் விடுகிற வேலை மறுபடி அவள் கைக்கு வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நிர்வாகி என்னைத் தையல் வகுப்புக்கு மாற்றினார். கன்னடம் வராது என்று தானே சொன்னவளிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்று அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அது பிற்பாடு நடந்தது. பஸ் திரும்பி வந்த முதல் நாள் சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும்.

அன்று அஞ்சலையும் நானும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். புது ஸ்டாப்புக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. டிப்போவில் கண்டக்டர்களே ஒன்று வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. காலனி நெருங்கியதும் முனிராஜ் என் பக்கம் பார்க்காமல் குரல் கொடுத்தான்.

"கன்னட பாரத டீச்சர் ஸ்டாப்."

'பாரத' என்றால் கன்னடத்தில் 'வராத'. கன்னடம் வராத டீச்சர் ஸ்டாப். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அஞ்சலைதான் கண்ணை அகல விரித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாரதம்னு பட்டமே குடுத்துட்டாங்களா டீச்சரக்கா? குடுக்கோணுமுங்க. உங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பாங்க?"

திருத்துவதுதான் என் தொழில். அதை மட்டும் நான் திருத்தவில்லை.

மறுநாள் திரும்பும்போது முனிராஜ் எங்களிடம் வந்து, எங்கே என்று கேட்காமல் சங்கடத்தோடு நின்றான். அவனுக்கும் பாவம் கூச்சம். நானே நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி இரண்டு டிக்கெட் கேட்டேன்.

"கன்னட பாரத டீச்சர் ஸ்டாப், எரடு கொடி."

உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.