கோவளத்துக்குப் போகச் சொன்ன காரணங்கள்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது. இதைவிடப் பெரிய தண்டனை ஒரு மருமகளுக்குக் கிடையாது. கார்த்திகை தீபம் என்றால் என் கணவர் வழியில் ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர், யார் என்றே தெரியாதவர் எல்லாரும் மூட்டையோடு வந்து இறங்குவார்கள். மலையைச் சுற்றிவிட்டு, கால் வலிக்கிறதென்று கூடத்தில் நீட்டிப் படுப்பார்கள். "இந்த ஊர்ல இருக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள், இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொல்லிக்கொண்டே. கொடுத்து வைத்த நான் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பேன்.

அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகையில் கேரளத்துக் கோவளம் கடற்கரையின் வண்ணப்படம் வந்தது. நீலக் கடல், வெள்ளை மணல் என்று கீழே வர்ணித்திருந்தார்கள். எனக்குக் கடலே கண்ணில் படவில்லை. குடைக்கு அடியில் ஒரு பெண் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். சீருடை போட்ட ஒருவர் தட்டை ஏந்தி அவளிடம் குனிந்து நின்றார். அட கடவுளே, சாவதற்குள் ஒரு தரம் இப்படி உட்கார்ந்த இடத்தில் வாங்கித் தின்ன வேண்டும் என்று வயிறு எரிந்தது.

கணவர் வங்கியில் இருந்தார். ஊர் சுற்றிவர அங்கே ஒரு சலுகை உண்டு. நான் கேட்டதும் சரியென்றுவிட்டார். மாமியாரிடம்தான் காரணம் சொல்ல வேண்டும். உல்லாசம் என்று எங்கள் வீட்டில் வாயைத் திறக்க முடியாது.

"கடல்காத்து இவளோட இளைப்புக்கு நல்லதும்மா" என்று ஆரம்பித்தார் கணவர்.

"இவளுக்கு ஏதுடா இளைப்பு? நல்லாத்தான கத்தறா?"

"சமுத்திரத்துல குளிச்சா பாவம் போகும்மா."

"அவ்ளோ பாவமா பண்ணிட்டீங்க?"

கடைசியில், "பக்கத்துலயே பத்மநாபசாமி கோயிலு" என்றார். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?" உலகமே சாமி பார்க்க எங்கள் ஊருக்கு வர, நாங்கள் சாமி பேரைச் சொல்லி ஊரைவிட்டுத் தப்பித்தோம்.

கோவளத்துப் பெரிய ஓட்டலில் காலையில் அறைக்கே காப்பி வந்தது. கொண்டுவந்த சர்வர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பழக்க தோஷத்தில் எழுந்து தட்டை வாங்கப் போனேன். "நீங்க இருங்கம்மா" என்றார். கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு! அதற்கப்புறம் நான் எதற்கும் எழுந்திருக்கவில்லை. குடை, இளநீர், தூக்கம், மறுபடி குடை. கடலில் காலைக்கூட நனைக்கவில்லை. பத்மநாபரை மட்டும் வழியில் எட்டிப் பார்த்துக்கொண்டோம்.

கிளம்பும் அன்று சர்வர் எங்கள் ஊரைக் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தீபம் பாக்கணும்னு எனக்க வீட்டுக்காரிக்கு ரொம்ப நாளா ஆசை சார். தங்கத்தான் எடமில்ல."

"எங்க வீடு எதுக்கு இருக்குது? குடும்பத்தோட வந்துடுங்க" என்றார் என் கணவர். தாராளப் பிரபு! ரயில் திருவனந்தபுரத்தை விட்டதிலிருந்து நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தக் கார்த்திகைக்கே வந்துவிட்டார்கள். நான் உட்கார்ந்து வாங்கித் தின்றதையெல்லாம் இப்போது கக்க வேண்டியதுதான் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பரிமாறினேன். சர்வரின் மனைவி இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, காரம் ஜாஸ்தியா?" என்றேன்.

"இல்லக்கா" என்றாள். "அவரு ஊருக்கெல்லாம் வெளம்புவாரு. கல்யாணம் ஆன பொறவு, ஒருத்தர் வெளம்பி நான் இருந்து சாப்பிடுறது இன்னைக்குத்தான்."

அவள் இலையில் நெய்யைத் தாராளமாகவே ஊற்றினேன்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "காய் நறுக்கட்டுமாக்கா?"

"போய் உக்காருங்க சொல்றேன்" என்று அதட்டினேன். பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

தீபம் முடிந்ததும் எல்லாரோடும் அவர்களும் மூட்டை கட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளியை, இன்னும் ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்று நான் மனசாரச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.