அல்மா கீழே இறக்கிய நாற்காலி

அல்மாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. தபால்காரர் சிரித்தால் ஏன் சிரித்தான் என்பாள். இத்தனை வருஷமாய் எதிர் வீட்டில் இருக்கிற நான் கேக் கொண்டுபோனாலும், முள்கரண்டியால் ஒரு குத்து குத்திப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போவேன்.

அவள் புருஷன் ஹெர்ப், எங்கள் ஊரான கிராண்ட் ராபிட்ஸில் நாற்காலித் தொழிற்சாலை ஒன்றில் மெத்தை தைத்தவர். ஐம்பதுகளில், கல்யாணமான புதிதில், தன் கையாலேயே பச்சைக் கம்பளித் துணி போட்டு ஒரு சாய்வு நாற்காலியும், கால் நீட்டிக்கொள்ள அதற்கு ஜோடியாக ஒரு மெத்தை ஸ்டூலும் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது அந்தக் காலத்துச் சாமான் என்றால் சிகாகோவிலிருந்தெல்லாம் வந்து வாங்க அலைகிறார்கள். ஹெர்ப் போய்ச் சேர்ந்த பிறகு, அதை யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதே அவளுக்குக் கவலை.

அப்போதுதான் மெல்வின் வந்தார். எங்கள் சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுப்பவர், மனைவியை இழந்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அல்மா வீட்டில் காபி. பச்சை நாற்காலியில் சாய்ந்து, ஸ்டூலில் வலது காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். அல்மா சனிக்கிழமையே தலைமுடிக்குச் சுருள் போட ஆரம்பித்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு நாள் அவர் ஸ்டூலைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்துவிட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் நாற்காலி செய்து பிழைத்தவர்கள். விருந்துக்குப் போன இடத்திலும் மேஜைக்கடியில் குனிந்து வேலைப்பாட்டைப் பார்க்காவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. இது அல்மாவுக்குத் தெரியாதா? இருந்தும் என்னிடம் ஓடி வந்தாள்.

"பாத்தியா டோரதி, அந்தாளு கண்ணு எங்க இருக்குன்னு? என் மேல இல்லடி, நாற்காலி மேல."

"உன் ஹெர்ப் மட்டும் என்ன, என் கல்யாணத்தன்னிக்கே சர்ச் பெஞ்சைத் தூக்கிப் பாத்த ஆளு. சும்மா இரு."

"நீ ஏன் அவருக்கு வக்காலத்து வாங்குற?" என்று என்னையும் முறைத்தாள்.

அந்த வாரமே ஆள் வைத்து நாற்காலியையும் ஸ்டூலையும் நிலவறையில் இறக்கிப் பூட்டினாள். அந்த இடத்தில் சமையலறை மர நாற்காலி வந்தது. நாற்காலிக்காக வருகிறவர் என்றால் இனி வரமாட்டார், அதுதான் அவள் கணக்கு.

மெல்வின் வந்தார். மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காபி குடித்தார். எதுவும் கேட்கவில்லை.

"கேக்கவே இல்லையே, அதுதான் எனக்கு இடிக்குது," என்றாள் அல்மா.

இலை உதிர்ந்து பனி கொட்டும்வரை தவறாமல் வந்தார். பிறகு ஒரு ஞாயிறு சர்ச்சுக்கும் வரவில்லை, காபிக்கும் வரவில்லை. சுருள் முடியோடு ஜன்னலோரம் நின்ற அல்மா, "சொன்னேன்ல," என்றாள். ஜெயித்தவள் முகம் அப்படியா இருக்கும்?

எனக்குப் பொறுக்கவில்லை. மெல்வினின் மகளுக்குப் போன் போட்டேன். கேட்டதை அல்மாவிடம் அப்படியே போட்டு உடைத்தேன்.

"வலது கால்ல ரத்தம் உறைஞ்சு வீட்டுல படுத்திருக்கார். உக்காந்தா காலைத் தூக்கி வச்சே ஆகணும்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாராம். ஹெர்ப்போட நாற்காலியில அவர் உக்கார்றது உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சு, வாயத் தொறக்காம இருந்திருக்கார். புரியுதாடி?"

அல்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹெர்ப்பின் அடக்கத்தில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே என் வீட்டுக்காரரின் டிரக்கில் நாற்காலியும் ஸ்டூலும் ஏறின; நான்தான் ஓட்டினேன். மெல்வின் வீட்டுக் கூடத்தில் இறக்கி, அவரை உட்காரவைத்து, அந்த வலது காலை அல்மா தானே தூக்கி ஸ்டூலில் வைத்தாள்.

"எனக்கே குடுத்துடுறீங்களா அல்மா?" என்றார் அவர்.

"குடுக்கிறதா? யாரை நம்பிக் குடுக்கிறது?" என்றபடி கோட்டைக் கழற்றினாள். "தெனமும் வந்து பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குவேன். டோரதி, நீ வண்டிய எடுத்துட்டுக் கிளம்பு."