உப்புப் பட்டதும் துடித்த கறி

ஞானப்பூ என்கிற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவில்தான். "அந்தக் கசாப்புக்காரி ஞானப்பூ இனி என் வாசல்ல கால் வச்சா காலை ஒடிச்சுருவேன்" என்று எங்க பெரியப்பா ராமசுப்பு தெருவே கேட்கக் கத்தினார். யுத்த காலம் அது. எனக்கு எட்டு வயசு.

பெரியப்பா மகள் கஸ்தூரியை ரெட்டியபட்டியில் பேசி முடித்திருந்தார்கள். சீரோடு உப்புக்கண்டமும் வைப்பது எங்க வழக்கம். கிடாக்கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்துக் காயப்போடுவது. எங்க ஊர் பரளச்சி சுற்றுவட்டாரத்தில் அதற்கு ஞானப்பூதான் கைகாரி. வேதக்காரி, அதாவது கிறிஸ்தவச்சி. புருஷன் அமிர்தராஜ் செத்தபிறகு கத்தியை அவளே எடுத்துக்கொண்டாள்.

காலையில் வெட்டிய கறியைத் துணி போட்டு மூடி, உச்சிப்பொழுது வரை ஆறவைத்துத்தான் உப்புப் போடுவாள். சீருக்குக் கிடா வெட்டிய அன்றைக்கு மேற்கே மேகம் கூடிவிட்டது. பெரியப்பா அவளை நிற்கவிடவில்லை.

"மழை வரப்போகுதுடி. வெயில் இருக்கையிலேயே உப்பைப் போட்டுக் காயவை."

"கறி இன்னும் ஆறலை மொதலாளி."

"சொன்னதைச் செய்யி."

சூடு ஆறாத தொடைக்கறியில் உப்பை அள்ளிப் போட்டாள். தாம்பாளத்தில் கிடந்த துண்டெல்லாம் புழு மாதிரி சுருங்கிச் சுருங்கித் துடித்தது. சீர் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் பேச்சி எழுந்துவிட்டாள். "செத்த கறி துடிக்குது. இந்தச் சம்பந்தமே எங்களுக்கு வேண்டாம்" என்று வண்டி ஏறிப் போய்விட்டாள். மழையும் பெய்யவில்லை. மேகம் வந்த வழியே கலைந்து போனது.

பெரியப்பா பழியைத் தூக்கி ஞானப்பூ தலையில் போட்டார். செய்வினை வைத்துவிட்டாளாம். அவளிடம் யாரும் கறி வாங்கவில்லை. கிணற்றடியில் அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டார்கள். நானும் அவள் கூரையில் கல் எறிந்திருக்கிறேன். எட்டாம் நாள் காலையில் ஊர்க்கூட்டம் போட்டு, கைப்பிள்ளையோடு ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"போறேன் மொதலாளி. அதுக்கு முன்னால ஒரு கிடா வெட்டுங்க. நான் தொடலை. உங்க வீட்டம்மா கையாலயே உப்புப் போடட்டும்."

"ஒனக்குக் கிடா வேற தரணுமாக்கும்?"

"எங்கிடாதான். பிடிச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவளிடம் இருந்ததே அந்த ஒரு கிடாதான். கூட்டத்தில் இருந்த கருத்தப்பாண்டி வெட்டினார். பெரியம்மா சந்தனம்மாள் உப்பைத் தூவியதும் கறி துடித்தது. பெரியம்மா தாம்பாளத்தைக் கீழே போட்டு அலறினாள்.

"இப்ப யாரு செய்வினை வச்சது? உங்க வீட்டம்மாவா மொதலாளி?"

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ஞானப்பூ ஒரு துண்டை எடுத்துக் கிழித்துக் காட்டினாள்.

"நூல் கத்தை மாதிரி இருக்குதுல்ல? இந்த நூலு சுருங்குனாத்தான் காலு மடங்கும். கிடா செத்தாலும் சதைக்கு உடனே தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள உப்புப் பட்டாச் சுருங்கும். பெறகு வெறைச்சுப் போகும். மிச்சக் கறிக்கு உச்சியில உப்புப் போட்டுப் பாருங்க."

"பெரிய டாக்டரு! சதையைப் பத்திச் சொல்ல வந்துட்டா" என்றார் பெரியப்பா.

"தெனமும் அறுக்கிறவ எனக்குத் தெரியாதா? குடலு நாம சொல்லியா நெளியுது? சோறு போனாத் தானா நெளியும். நெஞ்சுச் சதை நாம தூங்கினாலும் அடிக்கும். அதுக ரெண்டும் நம்ம பேச்சைக் கேக்காது. நாக்கும் சதைதான் மொதலாளி. அது நாம சொன்னாக் கேக்கும். நீங்கதான் அடக்கலை."

உச்சியில் மறுபடி உப்புப் போட்டார்கள். கறி அசையவில்லை.

தப்பு என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. பெரியப்பா தோள்துண்டை உதறிக்கொண்டு போனார். ஊரைவிட்டுப் போகச் சொன்ன பேச்சு மட்டும் நின்றுபோனது. பேச்சி திரும்பி வரவில்லை. கஸ்தூரி அக்காவைக் கமுதிப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தக் கல்யாணத்துக்குக் கறி வெட்ட ஞானப்பூவுக்கு ஆள் அனுப்பினார் பெரியப்பா. "மேகத்தைப் பாத்து வேலை வாங்குற வீட்டுக்கு வாரதில்லைன்னு சொல்லு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஊரில் எல்லார் வீட்டுக்கும் வெட்டினாள். எங்க வீட்டுக்கு மட்டும் கடைசிவரை கத்தி எடுக்கவில்லை.

ஞானப்பூ இப்போது பரளச்சியில், அதே வீட்டில், அன்றைக்குக் கைப்பிள்ளையாக இருந்த மகள் இன்பராணியோடு இருக்கிறாள்.