அழுத முதலாளி

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் சிலர் ஓர் அமெரிக்க நாடகத்தைத் தமிழாக்கி மேடையேற்றினார்கள். லாபம் குறைந்ததும் தொழிற்சாலையை மூடி, இருபது வருடம் உழைத்தவர்களை ஒரே நாளில் வெளியே விடும் முதலாளி ஒருவனின் கதை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கதிரை அடுக்கப் போன என்னை நெறியாளர் பிடித்து முதலாளியாக்கினார். முதலாளி வேடத்துக்கு வாங்கிய கோட் வேறு ஒருவருக்கும் அளவாக இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த முதலாளி ஒருவர்தான். நான் பதினொரு வருடமாக வேலை செய்யும், கடைகளுக்கு இறைச்சி றோல்ஸ் செய்து கொடுக்கும் கம்பனிக்காரர். அவரைப் போலவே கைகளைப் பின்னால் கட்டி, குதிக்காலில் முன்னும் பின்னும் ஆடி, "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்றேன். ஒத்திகையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உது காணும்! உப்பிடியே செய்யும்," என்றார் நெறியாளர்.

நாடகத்தன்று ஒலிவாங்கியில் பிரதான அனுசரணையாளரை அறிவித்தார்கள். என் முதலாளி! திரை இடுக்கால் பார்த்தேன். பொன்னாடையோடு முன்வரிசையில் இருந்தார்.

"என்ரை வேலை போகப்போகுது," என்றேன்.

"அவரின்ரை காசிலைதான் மண்டபமே எடுத்தது. போய் நடியும்," என்றார் நெறியாளர்.

கைகளைப் பின்னால் கட்டப் பயந்து முன்னால் கட்டினேன். செத்தவீட்டில் பேசுவதுபோல் மெதுவாகச் சொல்லித் தொழிலாளர்களை வேலையிலிருந்து நிறுத்தினேன். பயத்தில் கண்ணீரும் வந்துவிட்டது. சனம் மூக்கை உறிஞ்சியது. "எங்களுக்கு என்ன பதில்?" என்று என்மேல் பாய வேண்டிய தொழிற்சங்கத் தலைவர் வசனத்தை மறந்து, "அழாதையுங்கோ அண்ணை, நீங்கள் என்ன செய்வியள்?" என்று என்னைத் தேற்றினார். நெறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். என் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே போனேன்.

"இரும். நல்லாய் நடிச்சீர். பாவம், அந்த முதலாளி."

"ஓம் அண்ணை."

"புது மெசின் வருது. பன்ரண்டு பேரை நிப்பாட்டப் போறன். நான் சொன்னால் கத்துவினம். நீர் அண்டைக்குச் சொன்ன மாதிரியே சொல்லும்." பெயர்கள் எழுதிய ஒரு தாளை நீட்டினார். "சொன்னால் உமக்கு வேலை இருக்கு."

இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். தாளை வாங்கினேன்.

கீழே எல்லோரும் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தார்கள். பாதிப்பேர் நாடகம் பார்த்தவர்கள். நான் தொண்டையைச் செருமியதும் றோல்ஸ் சுற்றும் அன்ரி ஒருவர், "முதலாளி வந்திட்டார், சத்தம் போடாதையுங்கோ!" என்றார். வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறவர்கள் என்று சொல்லி முதல் பெயரை வாசித்தேன். அது அந்த அன்ரியின் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார்.

"இல்லை அன்ரி, இது நாடகம் இல்லை," என்றேன். குரல் உடைந்தது.

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.