பேர் கொத்தின கல்லு

நான், எனக்க பெண்டாட்டி, மகன், கொத்தனார். அன்று கிணற்றடியில் நின்றது நாலு பேர்தான்.

எங்கள் கல்லறையில் வைக்க, பாறசாலை கல்லுக்கடையில் சொல்லி, எனக்க பேரையும் பெண்டாட்டிக்க பேரையும் கொத்தி நான் வாங்கிய கிரானைட்டு. அதை இடுப்பளவு உயரத்தில் துணி துவைக்கிற கல்லாகக் கட்டி வைத்திருந்தார்கள். பேர் அடியில்.

"எழுத்துள்ள பக்கம் சிமெண்டு நல்லா பிடிக்கும் அண்ணா" என்றார் கொத்தனார்.

மகன் சிரிப்பை அடக்கினான்.

"எலே, அது கல்லறைக்கு வாங்கினதாக்கும்!" என்றேன்.

அவள்தான் பதில் சொன்னாள். "செத்த பொறவு அதை யாரு வாசிப்பா? நீங்களா? குனிஞ்சு துவைச்சு எனக்க முதுகு ஒடிஞ்சாச்சு. உயிரோட இருக்கும்போ நிமிந்து நிக்கணும் எனக்கு."

நான் வாளியில் தண்ணி கோரிக் கொடுத்தேன்.

அன்று அவள் நிமிர்ந்து நின்று துவைத்த துணி பதினேழு.