பன்னிரண்டடி தூரம்

தெருவில் அவருக்கு இரும்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கரண்ட் பில்லில் மட்டும்தான் பார்க்கலாம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே எட்டடிக்குப் பத்தடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் சைஸ் படம், பள்ளிக்கூட அடையாள அட்டை, அத்தி பூத்தாற்போல் ஒரு கல்யாணம். இதற்கெல்லாம் யாரும் இரும்பு என்று பெயர் வைக்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு ஆள் அடையாளம் தெரியாமல் வந்து சேரும் உடல்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. காலையில் அங்கே போய்விட்டு வந்து, மத்தியானம் கடை வாசலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிற மனுஷனை வேறு என்னவென்று கூப்பிடுவது?

உண்மையில் அந்தத் தெருவிலேயே அவரைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி கிடையாது. ஒன்பது வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். பழகப் பழகப் போய்விடும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் யாரோ சொன்னார்கள். அந்த ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தார். பயம் போகவில்லை, குட்டி போட்டது. வேலையை விடலாம்தான். ஆனால் ஊரில் ஆளாளுக்குக் கையில் போன் வந்த பிறகு ஸ்டுடியோவுக்கு ஈ காக்கை வருவதில்லை. வீட்டு வாடகை இந்த வேலையிலிருந்துதான் போனது. கழுதைக்கு வாக்கப்பட்டால் உதைக்குப் பயப்பட முடியுமா?

எல்லாத் தொல்லைக்கும் காரணம் லென்ஸ்தான் என்பது அவருடைய கட்சி. அவரிடம் இருந்தது குட்டையான ஒரு சாதா லென்ஸ். அதை வைத்து ஒரு முகம் படம் முழுக்க நிறைய வேண்டுமென்றால் இரண்டடி நெருக்கத்துக்குப் போய்க் குனிய வேண்டும். ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணைக் கேமராவில் வைத்துவிட்டால் பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்த நேரம் பார்த்துத் துணிக்கடியில் கை அசைந்தால்? இமை திறந்தால்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அடிவயிறு கேட்க வேண்டாமா?

ஒருநாள் ஒரு கிழவரின் முகத்தருகே குனிந்தபோது அந்தக் கிழவரின் நெஞ்சிலிருந்து 'ஹும்' என்று ஒரு மூச்சு வெளியே வந்தது. உள்ளே தங்கியிருந்த காற்று, புரட்டிப் போட்டதால் வெளியேறியது, அவ்வளவுதான் என்று பிணவறைக் காவலாளி பிற்பாடு விளக்கினார். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால் அந்தக் காவலாளிக்குச் சாவி என்றே பெயர். விளக்கத்தைக் கேட்க இரும்பு அங்கே இருந்தால்தானே. ஸ்ட்ரெச்சரில் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடி, வாசல் வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்றார். இரண்டு நாள் காய்ச்சல். மனைவியிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவளுக்கும் அவர் இரும்புதான். வீட்டில் பல்லி விழுந்தால்கூட அவரைத்தான் கூப்பிடுவாள்.

காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான் யோசனை வந்தது. நீளமான லென்ஸ் ஒன்று இருந்தால் கதவருகிலேயே நின்று எடுத்துவிடலாம். மறுநாள் போய்க் காலால் அளந்தார். வாசற்படியிலிருந்து மேஜை வரைக்கும் பன்னிரண்டடி. ஒரு கால் அறைக்கு வெளியிலேயே இருக்கலாம். அந்த நினைப்பே பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது.

புது லென்ஸ் விலையைக் கேட்டதும் மீதி உயிர் போய்விட்டது. கடைக் கூரை ஒழுகுவதை அடைக்க இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம் இருந்தது. மழைக்காலத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பழைய சாமான் விற்கிறவர்களின் விளம்பரங்களை ஒரு வாரம் மேய்ந்தார். கடைசியில் கணக்கு டீச்சர் ஒருவர் அகப்பட்டார். பள்ளி விடுமுறைகளில் பறவை படம் எடுக்கிற அம்மாள். பெரிய லென்ஸுக்கு மாறிவிட்டதால் பழைய இரண்டையும் கொடுத்துவிடப் போகிறாராம்.

மூன்றாவது மாடி வீடு. மேஜைமேல் துணி விரித்து, இரண்டு லென்ஸையும் விடைத்தாள் மாதிரி அடுக்கி வைத்திருந்தார் டீச்சர். இரும்பு தொழில் தெரிந்தவர். கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார். வளையத்தைத் திருப்பிக் காதருகே வைத்து மணல் நெருநெருக்கிறதா என்று கேட்டார். பின்பக்கத்தில் கேமராவோடு ஒட்டும் பித்தளைப் புள்ளிகளைத் துடைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. எந்தப் பறவைக்கு வேணும் என்று டீச்சர் விசாரித்தார். அசையாம இருக்கிறதுக்கு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, கொக்கு என்று சமாளித்தார்.

இரண்டில் ஒன்று கை நடுக்கத்தைச் சமாளித்துக்கொள்ளும் வகை. அதன் விலை மற்றதைப்போல் இரண்டு மடங்கு. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று இரும்பின் கை மலிவானதன் பக்கம் போனது. டீச்சர் அதைக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார்.

"சொல்லாம வித்தேன்னு இருக்கக்கூடாது. தூரத்துல இருக்கிறதை இது எவ்வளவு பெரிசாக்குதோ, உங்க கை நடுக்கத்தையும் அவ்வளவு பெரிசாக்கும். ஸ்டாண்ட் போட்டே எடுங்க."

"என் கை நடுங்காது டீச்சர். இருபது வருஷமா கல்யாணம் எடுக்கிறேன்."

அதில் பொய் இல்லை. அங்கேயே பால்கனியில் நின்று எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த காக்கையை எடுத்துக் காட்டினார். இறகு இறகாக விழுந்திருந்தது. டீச்சரே மெச்சிக்கொண்டார். காக்கையைப் பார்த்து யாருக்குக் கை நடுங்கும்?

பிணவறையில் ஸ்டாண்ட் போட வழி இல்லை. கதவை மறித்தால் ஸ்ட்ரெச்சர் போகாது. அதைவிட, அதை விரித்து நிறுத்த ஐந்து நிமிஷமாவது அங்கே நிற்க வேண்டும். பிளாஷும் கூடாது, ஸ்டீல் மேஜையில் பட்டு வெளிச்சம் தெறிக்கிறது என்று ஆபீசில் உத்தரவு. டியூப் லைட் வெளிச்சத்தில், ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, புது லென்ஸில் அவர் பார்த்த முதல் உடல் ஏழாம் எண். தாடி வைத்த ஆள், முப்பத்தைந்து வயசிருக்கும், ஏரிக்கரையில் கிடந்து எடுத்து வந்தது.

கேமராவில் கண்ணை வைத்தார். அவர்தான் பன்னிரண்டடி தள்ளி நின்றார், முகம் தள்ளி நிற்கவில்லை. முன்பைவிட நெருங்கி வந்து, கண் இமை மயிரெல்லாம் தெரிய, அவர் முகத்தோடு முகம் வைத்தாற்போல் நின்றது. படபடவென்று ஆறு படம் எடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். கேமராவின் சின்னத் திரையில் படங்கள் பளிச்சென்று இருந்தன. அதைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் படம் உருப்படியா இல்லையா என்று சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு படம் விடாமல் அப்படித்தான் பார்ப்பார். இங்கே பெரிதாக்கினால் அந்த முகம் மறுபடி வருமே என்று பயந்து கேமராவை அணைத்துவிட்டார். அங்கேதான் கோட்டை விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ராஜாவாக இருந்தார். வாசற்படியில் நின்று இன்னும் நான்கு உடல்களை எடுத்தார். ஒரு உடலுக்கு அரை நிமிஷம். ரெக்கார்ட் ஆபீஸ் குமாஸ்தா படங்களை வாங்கி, பார்க்காமலே எண் போட்டுக் கணினியில் ஏற்றிக்கொண்டார். முகம் தெளிஞ்சிருக்கு என்று வீட்டில் மனைவி சொன்னாள்.

பதினாறாம் நாள் காலை பத்தரை மணிக்குக் குமாஸ்தா போன் பண்ணி உடனே வரச் சொன்னார். ஆபீசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி என்பது கழுத்தில் மாலையாகக் கிடந்த அளவு நாடாவைப் பார்த்ததுமே தெரிந்தது. கடையில் இருந்து அப்படியே கிளம்பியிருக்கிறாள். இரண்டு மாசமாக அண்ணனைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறாள். ஏழாம் எண் முகத்தைப் பார்த்தால் அவனைப் போலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது. அண்ணனுக்குத் தாடி கிடையாது, முகம் இவ்வளவு உப்பலும் இல்லை. ஒரே ஓர் அடையாளம்தான் உறுதி. இடது காது மடலில் பல் தடம். நாலு வயசில் இவளே கடித்துவைத்தது.

குமாஸ்தா காதைப் பெரிதாக்கினார். திரையில் அது தண்ணீரில் நனைந்த எழுத்தாகக் கலங்கியிருந்தது. ஒரு காதுக்கு இரண்டு காதாகத் தெரிந்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம், ஆறும் அப்படித்தான். மற்ற நான்கு உடல்களின் படங்களையும் திறந்து பார்த்தார். எதிலும் ஓர் ஓரம் நேராக இல்லை. ஒன்பது வருஷமாக மனைவிக்குக்கூடத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்த நடுக்கத்தைத் தன் கையாலேயே படம் பிடித்து அரசாங்கக் கணினியில் ஏற்றியிருக்கிறோம் என்று இரும்புக்கு அப்போதுதான் புரிந்தது. பேயறைந்ததுபோல் நின்றார்.

ஏழாம் எண்ணுக்குக் கெடு முடிந்துவிட்டது, பன்னிரண்டு மணிக்குப் புதைக்கக் கொண்டுபோகிறார்கள், வண்டி பின்வாசலில் நிற்கிறது என்றார் குமாஸ்தா. நேரில் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு ஊரில் இரண்டு பேரைத் திறந்து காட்டினார்களாம். இரண்டும் அண்ணன் இல்லை. இரண்டாவது இடத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

"இனிமே என்னால ஒருத்தரையும் பாக்க முடியாதுண்ணே. உள்ள போனா செத்துருவேன். படத்துல பாத்துச் சொல்லுங்க."

அந்தப் பயம் இரும்புக்கு நன்றாகத் தெரிந்த பயம். பார்க்காமல் இவள் திரும்பிப் போனால், மண்ணுக்குள் இருப்பவனை ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருப்பாள். சாவியைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வாய்வார்த்தை ரெக்கார்டில் ஏறாது, படம் வேண்டும். படத்துக்கு அவர்தான் போக வேண்டும்.

உடலை அதற்குள் துணியில் சுற்றிக் கட்டிவிட்டிருந்தார்கள். சாவி தலைப்பக்கத்து முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். நீள லென்ஸ் கிட்டத்தில் எடுக்காது. பையிலிருந்து குட்டை லென்ஸை எடுத்து மாட்டுவதற்குள் இரண்டு தடவை கை நழுவியது. காதை முடி மூடியிருந்தது. யாராவது ஒதுக்க மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் அவரே ஒதுக்கினார். முடி ஈரமாக, உயிருள்ள மனுஷனின் முடி மாதிரியே இருந்தது.

முதல் படத்தை எடுத்துப் பெரிதாக்கினார். கலங்கல். இரண்டாவதும் கலங்கல். நின்றபடி எடுத்தால் நூறு எடுத்தாலும் இதே கதிதான் என்று தெரிந்தது. ஸ்ட்ரெச்சரின் விளிம்பில், அவன் தோளுக்குப் பக்கத்தில், இரண்டு முழங்கையையும் ஊன்றினார். நெஞ்சு கிட்டத்தட்ட அவன்மேலேயே படிந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா," என்றார்.

பெரிதாக்கிப் பார்த்தபோது மடலின் கீழே அரிசிமணி அளவில் இரண்டு பழைய வடுக்கள், பக்கம் பக்கமாக, தெளிவாக விழுந்திருந்தன. இருக்கக்கூடாது என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இல்லை என்றால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆபீசுக்குப் போகிற முப்பதடி வராந்தாவை நடந்து முடிக்க அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே இருந்தவனிடம் பயந்ததைவிட, வெளியே இருக்கிறவளிடம் அதிகமாகப் பயந்தார்.

அவள் வராந்தாவிலேயே எதிரே வந்துவிட்டாள். முகம் தெரிகிற பாகத்தைக் கட்டைவிரலால் மறைத்து, காது மட்டும் தெரிய, இரும்பு கேமராவை அவளிடம் நீட்டினார். கை நடுநடுங்கியது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. திரையில் என்ன இருக்கிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை.

அவள் தன் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் கடிச்சதுதான்," என்றாள். கையை விடவில்லை.